சுவர் ஓட்டை வழியே வரும் எமன்

2016-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ந் தேதி. தீபாவளிக்கு இன்னும் ஒன்பதே நாள்தான். சிவகாசி நகரம் பரபரப்பாக இருந்தது.

ஒரு பட்டாசுக் கிடங்கில் பட்டாசுப் பெட்டிகளைக் கையாண்டு கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு பொறி பறந்தது. பட்டாசுகள் படபடவென்று வெடித்தன. கரும்புகை எழுந்தது.

பக்கத்திலே ஒரு ஸ்கேன் நிலையம். உடம்பைப் படம் எடுத்துப் பார்ப்பதற்காக நோயாளிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் பட்டாசுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் புகைக்கு அது தெரியுமா? அது அந்தக் கட்டிடத்துக்குள் புகுந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சுத் திணறியது. அன்று 8 பேர் மாண்டு போனார்கள். அவர்களில் பெண்களே அதிகம்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாண்டவர்களில் பெரும்பாலோரை நெருப்பு தீண்டவில்லை. புகைதான் கொன்றது.

பக்கத்து இடத்தில் தீப்பிடித்தால் நமக்கு என்ன என்று யாரும் இருந்துவிட முடியாது. நடுவிலே சுவர் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. அந்தச் சுவர் முழுச் சுவராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிலே ஓட்டை இருந்தால் அது சுவர் அல்ல, வாசல்.

புகைக்குச் சந்து போதும்

நெருப்புக்கு முன்னே புகை ஓடும். சூடான புகை மேலே எழும்பும். கூரையை முட்டியதும் நாலா பக்கமும் பரவும். எங்கே சந்து கிடைக்கும் என்று தேடும். ஒரு விரல் நுழையும் ஓட்டை கிடைத்தால் போதும். அடுத்த அறைக்கு வந்துவிடும். மாடித் தளத்தில் ஓட்டை இருந்தால் மாடிக்கு ஏறிவிடும்.

புகையிலே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது. மணமும் கிடையாது. மூச்சோடு உள்ளே போனால், இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தலை சுற்றும். கை கால் ஓயும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். பட்டாசுப் புகை என்றால் அதிலே கந்தகப் புகையும் சேரும். கண்ணைத் திறக்க முடியாது. மூச்சுக் குழாய் எரியும். வழி தெரியாமல் மனிதர் திண்டாடுவார்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி கல்கத்தாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்தது என்ன? விடியும் முன்னே அடித்தளத்தில் தீப்பிடித்தது. வண்டி நிறுத்த வேண்டிய அந்த இடத்தில் எரியும் பொருள்களைப் போட்டு வைத்திருந்தார்கள். தீ கீழேதான் எரிந்தது. ஆனால் புகை மேல் மாடிகளுக்கு ஏறிவிட்டது. கட்டிலில் கிடந்த நோயாளிகள் எழுந்து ஓட முடியவில்லை. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். தீ ஓரிடம், சாவு வேறிடம்.

ஆலையில் தூரம், தெருவில் சுவர்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம் பட்டாசுக்குப் பேர் போனது. கரிசல் காடு, மழை குறைவு, வெயில் அதிகம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அங்கிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்கள் வளர்ந்தன. இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது, இன்றும் போடுகிறது.

இந்தத் தொழிலில் உள்ள ஆபத்தை இந்த வட்டாரத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். உதவி செய்யவும், என்ன ஆயிற்று என்று பார்க்கவும் ஓடி வந்தவர்கள் பலர் அதில் பலியானார்கள். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். "வெடித்தால் சுவரே இடிந்து விழுகிறது. அப்படி இருக்க, ஓட்டையை அடைத்து என்ன பயன்?" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானது. வெடி மருந்து கலக்கும் அறையில் ஓட்டை அடைப்பது பெரிய காவல் அல்ல. அங்கே தூரம்தான் காவல். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெற்றிடம் விட வேண்டும். கொஞ்சம் மருந்து, கொஞ்சம் ஆள், உடனே வெளியே ஓட வழி. இதுவே ஆலைக்கு உரிய பாதுகாப்பு.

ஆனால் தெருவிலே தூரத்துக்கு எங்கே போவது? ஒட்டு வீடுகள். முன்னே கடை, பின்னே குடித்தனம். கீழே காகிதக் கிடங்கு, மேலே குழந்தைகள். இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். தூரம் செய்ய வேண்டிய வேலையை அங்கே அந்தச் சுவர்தான் செய்கிறது.

வீட்டிலே தீ எடுத்தவுடன் வெடிப்பதில்லை. முதலில் ஒயர் புகையும். திரைச்சீலை பற்றும். காகிதக் கட்டு கனலும். அந்தச் சில நிமிடங்களில் பக்கத்து வீட்டார் விழித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். நல்ல செங்கல் சுவர் அவர்களுக்கு மணிக்கணக்கில் அவகாசம் தரும். ஓட்டைச் சுவர் நிமிடக்கணக்கில் கூடத் தராது.

ஓட்டை எப்படி வந்தது?

வீடு கட்டும்போது சுவர் முழுசாகத்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தண்ணீர்க் குழாய்க்கு ஓர் ஓட்டை. மின்சார ஒயருக்கு ஓர் ஓட்டை. டெலிவிஷன் கேபிளுக்கு ஒன்று. ஏ.சி. குழாய்க்குக் கை நுழையும் அளவில் ஒன்று. மாடிக்குக் குடி வைத்தபோது தளத்தைக் குடைந்து இன்னொன்று.

துளை போட்டவர் வேலை முடிந்ததும் கருவிகளைப் பையில் போடுகிறார்.

"இந்த ஓட்டையை அப்படியே விட்டுட்டீங்களே, அண்ணாச்சி?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்கிறார்.

"அது கொத்தனார் வேலைக்கா" என்கிறார் அவர்.

கொத்தனார் வந்தால், "ஒயர் போட்டவருல்ல அடைக்கணும்" என்கிறார்.

கடைசியில் அம்மாளே ஒரு பழைய துணியைச் சுருட்டி ஓட்டையில் திணிக்கிறார். பல்லி வராமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறார். அது தீக்குத் திரி வைத்தது போல ஆகிவிடுகிறது!

எலி வேறு இருக்கிறது. சிறிய சந்தை அது பெரிதாக்கும். ஒயரின் மேலுறையைக் கடிக்கும். ஒயர் ஒன்றோடு ஒன்று உரசினால் பொறி பறக்கும். ஆக, தீயும் அங்கேயே பிறக்கிறது; அது போக வழியும் அங்கேயே இருக்கிறது.

பழைய ஓட்டு வீடுகளில் இன்னொரு குறை உண்டு. நடுச் சுவர் உத்தரம் மட்டும் எழும்பி நின்றுவிடும். அதற்கு மேலே, ஓட்டுக்குக் கீழே, ஒரு வீட்டிலிருந்து மறு வீடு வரை ஒரே வெளி. தீ சுவரைத் தொடாமலே அதைத் தாண்டிவிடும்.

ஒரு மெழுகுவர்த்தி செய்த வேலை

இது ஏழைகள் வீட்டுக் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பிரௌன்ஸ் பெர்ரி என்ற இடத்தில் அணு மின்சார நிலையம் ஒன்று இருக்கிறது. கோடி கோடியாகப் பணம் கொட்டிக் கட்டியது.

1975-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி அங்கே சுவர் ஓட்டைகளைச் சோதித்தார்கள். மின்சாரக் கேபிள்கள் சுவரைத் தாண்டும் இடத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு தொழிலாளி என்ன செய்தார்? எரியும் மெழுகுவர்த்தியை ஓட்டை அருகே பிடித்தார். காற்று கசிந்தால் சுடர் ஆடும் அல்லவா?

சுடர் ஆடியது. ஆடியதோடு நிற்கவில்லை. ஓட்டைக்குள் இழுக்கப்பட்டது. ஓட்டையை அடைக்க வைத்திருந்த பஞ்சு போன்ற பிளாஸ்டிக் நுரை பற்றிக்கொண்டது. சுவரின் மறுபக்கத்துக்குத் தீ போய்விட்டது. ஏறத்தாழ ஏழு மணி நேரம் எரிந்தது. 1,600-க்கு மேற்பட்ட கேபிள்கள் கெட்டுப் போயின. நல்ல காலமாக உயிர்ச் சேதம் இல்லை. அதன் பிறகு அந்த நாட்டில் அணு நிலையங்களுக்கான தீ விதிகளையே மாற்றி எழுதினார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது. எரியாத பொருளால் அடைக்க வேண்டும். இரண்டு, ஓட்டையைத் தேடும்போது சுடரைப் பிடிக்கக் கூடாது.

விதி என்ன சொல்கிறது?

நமது நாட்டில் கட்டிடங்களுக்கு "தேசியக் கட்டிட விதித் தொகுப்பு" என்று ஒன்று இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதை 1970-ல் முதலில் வெளியிட்டது. 2016-ல் திருத்திய பதிப்பு வந்தது. அதன் நாலாம் பகுதி தீப் பாதுகாப்பைப் பற்றியது. மின் கம்பி, குழாய், கேபிள் ஆகியவற்றுக்காகச் சுவரிலும் தளத்திலும் விடும் திறப்புகளைத் தீ தாங்கும் முறையில் மூடிப் பாதுகாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அவை போகும் கூண்டுகள் 120 நிமிடமாவது தீயைத் தாங்க வேண்டும்.

பட்டாசுக் கடைகளுக்கு 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் உண்டு. நிரந்தரக் கடை செங்கல், கல் அல்லது காங்கிரீட்டால் கட்டியதாக இருக்க வேண்டும். தரைத் தளத்தில் இருக்க வேண்டும். கட்டிடத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து உறுதியான சுவரால் முழுவதும் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

"முழுவதும்" என்ற சொல்லை ஊன்றிப் பார்க்க வேண்டும். உரிமம் வாங்கும் நாளில் சுவர் முழுசாக இருந்தால் போதாது. அடுத்த மாதம் கேமரா ஒயருக்காக ஓட்டை போட்டால், அன்றே அந்தச் சுவர் பழுதாகிவிட்டது.

எதை வைத்து அடைப்பது?

துணி கூடாது. காகிதம் கூடாது. சாக்கு, தேங்காய் நார், தெர்மகோல் எதுவும் கூடாது. டப்பாவிலிருந்து பீய்ச்சினால் உப்பி நிற்கும் சாதாரண நுரையும் கூடாது. அது பார்க்கச் சுவர் போல இருக்கும். தீ பட்டால் எரியும்.

இரும்புக் குழாய் செங்கல் சுவரைத் தாண்டுகிறதா? குழாயைச் சுற்றிலும் சிமெண்டுக் கலவையால் அடைக்கலாம். மேலாகப் பூசினால் போதாது. சுவரின் இந்தப் பக்கம் முதல் அந்தப் பக்கம் வரை திணித்து நிரப்ப வேண்டும். பிறகு நன்றாகத் தண்ணீர் ஊற்றி ஆற விட வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு விழும்.

மின்சார ஒயரை வெறுமனே சிமெண்டில் புதைக்கக் கூடாது. அதை ஒரு குழாய்க்குள் விட்டு, குழாயைச் சுற்றி அடைக்க வேண்டும். குழாய்க்கு உள்ளே, ஒயரைச் சுற்றி இருக்கும் இடைவெளியையும் மறக்கக் கூடாது. அதற்கென்று தீ தாங்கும் பசை விற்கிறது. பெரிய சந்தாக இருந்தால், எரியாத பாறைப் பஞ்சை முதலில் திணித்து, மேலே அந்தப் பசையைப் பூசலாம். வேலை தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இதை மின்சாரம் தெரிந்தவரே செய்ய வேண்டும்.

பிளாஸ்டிக் குழாய்தான் சங்கடமானது. தீப்பிடித்தால் அது உருகிவிடும். குழாய் இருந்த இடம் முழுவதும் ஓட்டையாகிவிடும். சுற்றிலும் சிமெண்டு வைத்திருந்தும் பயன் இல்லை. இதற்காகவே ஒரு வளையம் செய்கிறார்கள். அதைக் குழாயைச் சுற்றிச் சுவரோடு சேர்த்து மாட்ட வேண்டும். சூடு பட்டதும், எண்ணெயில் போட்ட அப்பளம் போல அது உப்பும். உருகும் குழாயை நெரித்து ஓட்டையை அடைத்துவிடும். கீழே கடையோ கிடங்கோ இருந்து, மேலே குடியிருப்பவர்கள் இந்தச் செலவைச் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஓட்டு வீட்டின் நடுச் சுவரை ஓடு வரைக்கும் எழுப்பிச் சந்தை மூடுவது கொத்தனாருக்கு எளிய வேலை.

எதை அடைக்கக் கூடாது?

இதைப் படித்ததும் வீட்டில் உள்ள எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிடக் கூடாது. அது இன்னோர் ஆபத்து.

சன்னல் வேண்டும். அடுப்பங்கரைப் புகைபோக்கி வேண்டும். தரையோரம் வெளியே திறக்கும் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலே தேங்கும். வெளியேற வழி இல்லாவிட்டால் ஒரு பொறியில் வீடே போய்விடும். கேஸில் வெந்நீர் போடும் குளியலறையிலும் காற்று வழியை மூடக் கூடாது.

வேறுபாடு எளிது. வெளியே வானத்தைப் பார்த்துத் திறக்கும் துவாரம் காற்றுக்கு உரியது, அது இருக்கட்டும். அடுத்த அறை, அடுத்த வீடு, மேல் மாடி இவற்றைப் பார்த்துத் திறக்கும் ஓட்டை தீக்கு உரியது. அதை அடைக்க வேண்டும். கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயைச் சுவர் ஓட்டை வழியாக அடுத்த அறைக்குக் கொண்டு போவதும் தவறு. அந்த ஓட்டைக்குள் குழாய் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு மாலை நேர வேலை

ஓட்டைகளைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை. இரவிலே ஓர் அறையில் விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் நிற்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் பேட்டரி விளக்கை மூலை முடுக்கெல்லாம் அடிக்கட்டும். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே சந்து இருக்கிறது. அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட வேண்டும். இதைப் பிள்ளைகளே உற்சாகமாகச் செய்வார்கள். சுவர் அடுத்த வீட்டாருக்கும் பொது என்றால், அவர்களையும் கூப்பிட்டுக் கொள்ளலாம். சுவர் இருவருக்கும் பொது, ஆபத்தும் பொது, செலவும் பொதுவாக இருக்கட்டும்.

குழாய்கள் பரணுக்குப் பின்னாலும், கழுவும் தொட்டிக்குக் கீழேயும், மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். அங்கெல்லாம் பார்க்க வேண்டும்.

யார் பொறுப்பு?

வீட்டுக்காரர் அடைக்கட்டும் என்று குடியிருப்பவர் நினைக்கிறார். குடியிருப்பவர் அடைக்கட்டும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். ஓட்டை காத்திருக்கிறது. தீ காத்திராது.

இதற்கு ஒரு வழக்கம் வர வேண்டும். துளை போட்டவரே துளையை அடைக்க வேண்டும். குழாய் வைப்பவர், ஒயர் இழுப்பவர், கேபிள் கட்டுபவர், ஏ.சி. மாட்டுபவர் எல்லோருக்கும் இது பொது. அடைத்த பிறகே கூலி என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லிவிட வேண்டும். கூலி பேசும்போதே அடைப்பதற்கும் சேர்த்துப் பேசிவிட்டால் சண்டை இல்லை.

அரசாங்கத்துக்கும் கடமை உண்டு. சிவகாசி மாநகராட்சியும், விருதுநகர், சாத்தூர் போன்ற நகராட்சிகளும் கட்டிட வரைபடத்தைப் பார்த்து அனுமதி தருகின்றன. வரைபடத்தில் ஓட்டை தெரியாது. கட்டி முடித்த பிறகும், கடை அல்லது கிடங்கு வைக்க உரிமம் கேட்கும்போதும், அதிகாரிகள் நேரில் வந்து பொதுச் சுவரையும் தளத்தையும் பார்க்க வேண்டும். குடியிருப்புக்குக் கீழேயோ பக்கத்திலேயோ எரியும் பொருள் வைக்க இடம் கேட்டால் கண்டிப்பு இன்னும் அதிகமாக இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வீட்டுக்குள் பட்டாசு செய்வதையும் சேர்த்து வைப்பதையும் தயவு இல்லாமல் தடுக்க வேண்டும். எந்தச் சுவரும் அதற்குக் காவல் ஆகாது.

தீயணைப்பு நிலையத்தார் தெருத் தெருவாக வந்து செய்து காட்டினால் மக்கள் கேட்பார்கள். ஆபத்து வந்தால் 101 அல்லது 112 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இந்த எண்களைப் பள்ளிப் பிள்ளையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஆனால் தீயணைப்பு வண்டி வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் குடும்பத்தைக் காப்பது வீட்டுச் சுவர்தான்.

தீபாவளிக்கு முன்னே வீட்டுக்கு வெள்ளை அடிப்பது நமது வழக்கம். சுண்ணாம்பு கலக்குவதற்கு முன்னே ஒரு சட்டி சிமெண்டு கலக்கட்டும். சாக்கட்டி வட்டம் ஒவ்வொன்றையும் மூடிவிட்டு, அதன் மேல் வெள்ளை அடிக்கட்டும்.

2016-ம் ஆண்டு அந்த ஸ்கேன் நிலையத்துக்கு வந்தவர்கள் உடம்பில் என்ன குறை என்று பார்க்க வந்தார்கள். வீடு திரும்பவில்லை. அவர்களை மறக்காமல் இருப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அவரவர் வீட்டுச் சுவரில் என்ன குறை என்று இன்றே பார்க்க வேண்டும்.